ஒரு சொட்டு ஆசிட், ஒரு ஜோடி கம்மல்

என் கல்யாண கவுன் பெங்களூரிலிருந்து கூரியரில் வந்து இறங்கிய அன்று அம்மா அதைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. பெட்டியைப் பிரித்து நான்தான் கட்டில்மேல் விரித்துப் போட்டேன். இரண்டு கைகளையும் இடுப்பில் வைத்துக்கொண்டு மேலிருந்து கீழ்வரை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு கழுத்துப் பக்கமாக விரலை நீட்டினாள்.

"இவ்வளவு எடம் காலியா கெடக்கே, இங்கன என்ன போடப் போற?"

கவுன் வேண்டும், வேண்டாம் என்று அதற்கு முன்பே எங்கள் வீட்டில் மூன்று மாதம் சண்டை நடந்து ஓய்ந்திருந்தது. அப்பாவின் சொந்த ஊர் நாசரேத். அந்தப் பக்கத்துச் சர்ச் கல்யாணங்களில் பெண் வெள்ளைப் பட்டு உடுத்தி, தலையில் நெட் போட்டு வருவதுதான் வழக்கம். இப்போது சில பேர் பட்டுக்குப் பதிலாகக் கவுன் போடுகிறார்கள். நானும் போடுவேன் என்று ஒற்றைக் காலில் நின்றேன். எனக்குத் தூத்துக்குடித் துறைமுகத்தில் ஒரு கிளியரிங் ஏஜென்சியில் வேலை. நாள் முழுக்க அடுத்தவர் கன்டெய்னருக்குப் படிவம் நிரப்புகிறவளுக்கு, ஒரே ஒரு நாள் தரையைப் பெருக்கிக்கொண்டு நடக்க ஆசை இருக்காதா? அம்மா கடைசியில் இறங்கி வந்தாள். துணி என் இஷ்டம், நகை அவள் இஷ்டம் என்று தன் மனதுக்குள்ளேயே ஒப்பந்தம் எழுதிக் கையெழுத்தும் போட்டிருந்தாள் என்பது எனக்குத் தெரியாது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்ததும் ஒத்திகை நடந்தது. பீரோவிலிருந்து ஒவ்வொரு பெட்டியாக வெளியே வந்தது. கழுத்தை ஒட்டி நெக்லஸ், அதற்குக் கீழே மாங்காய் மாலை, அதற்கும் கீழே தொப்புள்வரை ஆரம். காதில் ஜிமிக்கி, அதைத் தாங்க மாட்டல். முழுக்கை கவுன், அதன்மேல் வங்கியை ஏற்ற முடியவில்லை. அம்மா அதற்காகக் கவுனைத் தைத்தவரைத் திட்டினாள். கடைசியாக ஒட்டியாணம். கவுனின் இடுப்பில் மெல்லிய நெட் துணிக்குமேல் பூ வேலை செய்திருந்தார்கள். ஒட்டியாணத்தின் கொக்கி அந்தப் பூக்களில் ஒன்றைப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்றது. மூச்சை இழுத்துப் பிடித்தபடி நான் நின்றேன். அப்பா மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, தபால்தலை சேகரிக்க வைத்திருந்த இடுக்கியை எடுத்து வந்து, அரை மணி நேரம் என் இடுப்பருகே உட்கார்ந்து நூல் நூலாகப் பிரித்தார். பிரித்து முடித்ததும் எழுந்து நின்று என்னைப் பார்த்தார்.

"ஏளா, இதெல்லாம் போட்டுட்டு நீ நடந்தா கோயில்ல கொயர் பாட வேண்டாம். நீயே வாசிச்சுக்கிடலாம்."

"நீங்க சும்ம கெடங்க" என்றாள் அம்மா. "மெல்லிசா ஒரு செயினப் போட்டு அனுப்பிச்சா, ஒத்தப் பிள்ளைய வெறுங்கழுத்தா அனுப்பிட்டாவன்னு ஊரு சொல்லாதா?"

எனக்கு அந்த மெல்லிசான ஒரு செயின்தான் வேண்டும். அதைச் சொன்னேன். அம்மா ஆரத்தைக் கழற்றிப் பெட்டியில் போட்ட சத்தத்திலேயே பதில் இருந்தது.

இந்த நேரம் பார்த்துச் சென்னையிலிருந்து என் வருங்கால மாமியாரின் வாய்ஸ் மெசேஜ் வந்தது. நல்ல மனுஷி, ஒரு குறையும் சொல்ல முடியாது. ஆனால் தூத்துக்குடியை அவர் வரைபடத்தில்தான் பார்த்திருக்கிறார். "வெள்ளை கவுனுக்கு முத்து போட்டா எவ்வளவு அழகா இருக்கும் தெரியுமா? உங்க ஊருக்கே முத்து நகர்னுதானே பேரு. வீட்டுக்கு வீடு வச்சிருப்பீங்களே!" என்று சிரித்துக்கொண்டே சொன்னார்.

வெளியூர்க்காரர்கள் எல்லோருக்கும் இப்படி ஒரு நினைப்பு இருக்கிறது. ஏதோ நாங்கள் காலையில் கடற்கரைக்குப் போய்க் கத்தரிக்காய் பொறுக்குவதுபோல முத்துப் பொறுக்கிக்கொண்டு வருகிறோம் என்று. கல்லூரி விடுதியில் என் அறைத்தோழி, லீவுக்கு ஊருக்குக் கிளம்பும்போதெல்லாம் "வரும்போது ஒரு கைப்பிடி முத்து கொண்டு வாயேன்" என்பாள். நான் கொண்டு போய்க் கொடுத்ததெல்லாம் எங்கள் ஊர் முந்திரி மக்ரூன். எங்கள் ஊரில் உப்பு விளைகிறது, கருவாடு காய்கிறது, கப்பல் வருகிறது, கூடவே நிலக்கரித் தூசியும் வருகிறது. முத்து ரயிலின் பெயரில் மட்டும் ஓடிக்கொண்டிருக்கிறது.

ஆனாலும் சம்பந்தி வாய்விட்டுக் கேட்டுவிட்டார். எனக்கோ முத்து என்றதும் உள்ளுக்குள் குஷி. ஒட்டியாணத்திலிருந்து தப்பிக்க வழி பிறந்துவிட்டதே. அம்மாவை ஸ்கூட்டரில் பின்னால் உட்கார வைத்து எங்கள் வழக்கமான நகைக்கடைக்குப் போனேன். கடை அண்ணாச்சி ஒரு தட்டு நிறையச் சரங்களை எடுத்து வைத்தார்.

"இது நம்மூரு முத்தா அண்ணாச்சி?" என்று கேட்டேன்.

"ஹைதராபாத்துல இருந்து வருது பாப்பா. அவனுக்கு சைனால இருந்து வருது."

"நம்ம கடல்ல?"

"நம்ம கடல்ல நண்டு இருக்கு, சங்கு இருக்கு. முத்துக்கு நான் எங்கன போக? முத்துக்குளிச்சு எத்தன காலம் ஆச்சு! எனக்கே அப்ப மீசை மொளைக்கல."

அம்மா தட்டைப் பார்க்கவே இல்லை. எதிர்ச் சுவரில் மாட்டியிருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் ஒரு சரத்தை எடுத்துக் கழுத்தில் வைத்து "நல்லாருக்கா?" என்று கேட்டதற்கும் திரும்பவில்லை. "வா போவோம்" என்று எழுந்துவிட்டாள். பாதி தூரம் வந்தபிறகு என் முதுகில் தட்டி வண்டியை ஓரமாக நிறுத்தச் சொன்னாள்.

"முத்து வீட்டுல இருக்கு" என்றாள். "வாங்க வேண்டாம்."

இருபத்தெட்டு வருஷம் அந்த வீட்டில் வளர்ந்தவள் நான். பீரோவின் எந்தத் தட்டில் எந்தப் புடவைக்கு அடியில் என்ன இருக்கிறது என்று அம்மாவைவிட எனக்கு நன்றாகத் தெரியும் என்று நம்பிக்கொண்டிருந்தேன். அம்மா பீரோவுக்குப் போகவில்லை. சமையலறை அலமாரியில் சீரகம், வெந்தயத்துக்குப் பின்னால் கையை விட்டு, பழைய பவுடர் டப்பா ஒன்றை எடுத்தாள். உள்ளே பஞ்சு. பஞ்சுக்குள் ஒரு ஜோடி கம்மல். தங்கத்தில் பின்பக்கம் திறந்த சின்ன வளையம்போலச் செய்து, ஒவ்வொன்றிலும் ஒரு முத்து. ஒன்று கொஞ்சம் பெரிது, ஒன்று கொஞ்சம் சிறிது. வெள்ளை என்றும் சொல்ல முடியாது, மஞ்சள் என்றும் சொல்ல முடியாது. ஜன்னல் பக்கம் திருப்பினால் உள்ளுக்குள் ஒரு ரோஜா நிறம் ஓடி மறைந்தது. இத்தனை அழகான ஒன்றை வெந்தயத்துக்குப் பின்னால் ஒளித்து வைத்திருக்கிறாளே என்று கோபமும் வந்தது.

அது அம்மாவின் அப்பா அவளுடைய கல்யாணத்துக்குக் கொடுத்தது. முத்துக்குளிப்பு நடந்த காலத்தில் அவர் சிப்பி ஏலக் கொட்டகையில் வேலை பார்த்திருக்கிறார். ஏலத்தில் முத்தை விற்க மாட்டார்களாம். திறக்காத சிப்பியைத்தான் குவியல் குவியலாக விற்பார்கள். உள்ளே இருப்பது எடுத்தவன் யோகம். அவரும் ஒரு குவியல் எடுத்திருக்கிறார். சிப்பிச் சதை அழுகினால்தான் முத்தைக் கழுவி எடுக்க முடியும் என்பதால் கொல்லையில் பீப்பாயில் போட்டு நாள்கணக்கில் அழுக விட்டிருக்கிறார். நாற்றம் தாங்காமல் அக்கம்பக்கத்தார் வாசலில் வந்து நின்று சண்டை பிடித்திருக்கிறார்கள். அவ்வளவு பாட்டுக்கும் கிடைத்தது இரண்டே முத்து. அம்மா பிறப்பதற்கு முன்னால் எடுத்ததை அவள் கல்யாணம்வரைக்கும் விற்காமல் வைத்திருந்து கம்மலாகச் செய்துபோட்டிருக்கிறார். "நாத்தத்த நான் அனுபவிச்சிட்டேன், முத்த நீ அனுபவி" என்று சொல்லிக் கொடுத்தாராம்.

"பெறகு ஏன் நீ ஒரு நாளும் போடல?"

அம்மா டப்பாவை மூடினாள். "உங்க அத்த" என்றாள்.

அத்தை அப்பாவுக்கு மூத்தவள். நாசரேத் பக்கத்தில் ஒரு ஆரம்பப் பள்ளியில் தலைமையாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். சிவப்பு மை பேனாவை ஒப்படைத்துவிட்டாளே தவிர, திருத்துவதை விடவில்லை. அம்மாவின் கல்யாணத்தன்று காலையில், எல்லார் முன்னாலும், அம்மாவின் காதிலிருந்த கம்மலை இரண்டு விரலால் பிடித்துப் பார்த்திருக்கிறாள். "பாசி நல்லாருக்கே, பஜார்ல வாங்கினியளா?" என்று அம்மாவின் அப்பாவிடமே கேட்டிருக்கிறாள். பாசி என்றால் எங்கள் பக்கத்தில் மலிவான கண்ணாடி மணி. வாய் திறந்து ஒரு வார்த்தை மறுத்துச் சொல்லியிருக்கலாம் அவர். சும்மா சிரித்துக்கொண்டே நகர்ந்து போய்விட்டார். அடுத்த வருஷம் இறந்தும் போய்விட்டார்.

"பொண்ணு வீட்டுக்காரர்னு பொறுத்துப் போனாவளா, இல்ல நெசமாவே பாசிதான் வாங்கிப் போட்டாவளா? அவியகிட்ட வசதி கெடையாது. என் மனசு சந்தோசப்படணும்னு ஒரு கதைய சொல்லியிருந்தா?" அம்மா டப்பாவின் மூடியைத் திருகிக்கொண்டே இருந்தாள். "எங்கப்பா பொய் சொல்ல மாட்டாவ. ஆனா எனக்குத் தெரியாதுல்லா. போட்டா யாராச்சும் பாத்து பாசின்னு சொல்லிருவாவளோன்னு பயம். அதான் போடல."

முப்பது வருஷத்துக்கு மேலாக அம்மாவை அரித்துக்கொண்டிருந்தது அத்தையின் வாய் அல்ல, அவள் அப்பாவின் அந்தச் சிரிப்பு என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. எதற்கெடுத்தாலும் அம்மாவோடு மல்லுக்கு நிற்பவள், அன்று அவள் கையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். பிறகு என் புத்தி வேலை செய்ய ஆரம்பித்தது.

"அண்ணாச்சிட்டயே கொண்டு போய்க் காட்டுவோமே."

"அவரு பாசின்னு சொன்னா பஜாரெல்லாம் தெரிஞ்சுபோகும். செத்தவிய பேரு கெடணுமா? வேண்டாம். மைனி, உங்க அத்த, வரட்டும். அவ முன்னாலயே வீட்டுக்குள்ள வச்சு ஒரு முடிவு தெரியட்டும். முத்துன்னா நீ போடு. பாசின்னா டப்பாவோட கடல்ல எறிஞ்சிருதேன்."

"முத்துன்னா வேற ஒண்ணும் போட மாட்டேன். ஒட்டியாணம் கெடையாது, ஆரம் கெடையாது. சரியா?"

அம்மா என்னை ஒரு மாதிரி பார்த்தாள். அந்த நேரத்திலும் பேரம் பேசுகிறாளே என்று நினைத்திருப்பாள். ஆனாலும் சரி என்று தலையை ஆட்டினாள்.

கல்யாணத்துக்கு ஒரு வாரம் இருக்கும்போது அத்தை நாசரேத் பஸ்ஸில் வந்து இறங்கினாள். இரண்டு டின் நிறைய முந்திரிக்கொத்து கொண்டு வந்திருந்தாள். மத்தியானம் சாப்பிட்டு முடிந்ததும் அம்மா சாப்பாட்டு மேஜையைச் சுத்தமாகத் துடைத்து, நடுவில் பவுடர் டப்பாவை வைத்துத் திறந்தாள்.

"இது ஞாபகம் இருக்கா மைனி?"

அத்தை கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கிப் பார்த்தாள். "ஏளா, இந்தப் பாசிய இன்னுமா வச்சிருக்க!"

அம்மாவின் முகம் சிவந்தது. "பாசியா முத்தான்னு இன்னைக்குப் பாத்துருவோம்."

முத்தைப் பல்லில் தேய்த்தால் நல்ல முத்து மணல் மாதிரி நறநறக்கும், போலி வழுக்கும் என்பது எங்கள் ஊரில் முத்தையே பார்க்காதவர்களுக்கும் தெரியும். அம்மா பெரிய முத்தை முன்பல்லில் தேய்த்தாள். "நறநறங்குது" என்றாள். அத்தை வாங்கித் தேய்த்தாள். "வழவழங்குது" என்றாள். அம்மா மறுபடி வாங்கினாள். நறநற. அத்தை மறுபடி வாங்கினாள். வழவழ. நான் தேய்த்தேன். எனக்கு நறநறத்தது. "நீ அவ மக, அப்படித்தான் சொல்லுவ" என்றாள் அத்தை.

அப்பா நாற்காலியில் சாய்ந்தபடி இதை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார். "ஏக்கா" என்றார் மெதுவாக. "உன் பல்லு செட்டு தானே? பிளாஸ்டிக்ல எதத் தேச்சாலும் வழவழன்னுதான் இருக்கும்."

அத்தை வாயைப் பட்டென்று மூடிக்கொண்டாள். அம்மா சிரித்திருக்கக் கூடாது, சிரித்துவிட்டாள். அதற்குப் பிறகு அத்தை பிடிவாதமாகிவிட்டாள். பல்லும் வேண்டாம் சொல்லும் வேண்டாம், ருசுவான சோதனை ஒன்று செய்து காட்டினால் ஒத்துக்கொள்கிறேன் என்றாள்.

அப்பா எழுந்தார். அவர் ஆறுமுகநேரிப் பக்கம் ஒரு ரசாயனத் தொழிற்சாலையின் ஆய்வகத்தில் முப்பது வருஷம் வேலை பார்த்தவர். ஓய்வு பெற்று நாலு வருஷமாக வீட்டில் அவரைச் சோதனை செய்யச் சொல்லி ஒருவரும் கேட்டதில்லை. பால்காரரின் பாலைச் சோதித்து ஒரு முறை சண்டை வந்ததோடு சரி. இப்போது அவர் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். நேராகப் பாத்ரூமுக்குப் போய்த் தரை கழுவுகிற ஆசிட் பாட்டிலோடு வந்தார். மருந்து டப்பாவிலிருந்து கழுவிய பழைய சொட்டுக்குழாய் ஒன்று வந்தது. இரண்டு கண்ணாடி டம்ளர்கள் வந்தன.

"முத்துங்கது வேற ஒண்ணும் இல்ல, சுண்ணாம்புச் சத்து. ஆசிட் பட்டா நுரைக்கும். பிளாஸ்டிக்கோ கண்ணாடியோன்னா சும்ம கெடக்கும். பின்பக்கத்துல, தெரியாத எடத்துல, ஒரே ஒரு சொட்டு. ஒடனே தண்ணியில கழுவிருவேன். ஒண்ணும் ஆகாது" என்றார்.

"ஒண்ணும் ஆகாதுல்லா?" என்று அம்மா கேட்டாள்.

"முப்பது வருசம் இதத்தானே செஞ்சேன்!"

அந்த முப்பது வருஷமும் அவர் சோதித்த எந்தப் பொருளையும் பிறகு ஒருவரும் காதில் மாட்டிக்கொள்ளவில்லை என்பது எங்களில் யாருக்கும் தோன்றவில்லை. ஆய்வகத்தில் சாம்பிள் என்றால் சோதித்துவிட்டுக் கொட்டுவதற்கென்றே வந்தது.

ஒரு டம்ளரில் தண்ணீர் ஊற்றி, அதில் கொஞ்சம் ஆசிட்டைக் கலந்தார். தண்ணீரில்தான் ஆசிட்டை ஊற்ற வேண்டும், ஆசிட்டில் தண்ணீரை ஊற்றக் கூடாது என்று அத்தைக்குப் பாடம் நடத்தினார். அத்தைக்குப் பாடம் கேட்டுப் பழக்கமில்லை, ஆனாலும் கேட்டாள். இன்னொரு டம்ளரில் கழுவுவதற்கு நல்ல தண்ணீர். சிறிய முத்துக் கம்மலை இடுக்கியில் பிடித்து ஒரு சாஸரில் குப்புற வைத்தார். மேஜையைச் சுற்றி நாங்கள் நால்வரும் தலையோடு தலை முட்டக் குனிந்து நின்றோம். அம்மா கண்ணை மூடி, உதடு மட்டும் அசைய, ஜெபம் பண்ணிக்கொண்டிருந்தாள்.

அப்பா ரப்பரை அழுத்தினார். பழைய ரப்பர். ஒரு சொட்டு விழ வேண்டிய இடத்தில் நாலைந்து விழுந்தது.

ஒரு நொடி ஒன்றும் நடக்கவில்லை. பிறகு நுரைத்தது. சின்னச் சின்னக் குமிழிகளாகப் பொங்கி, சாஸரில் மெல்லிய ஒரு சீறல் சத்தம்கூடக் கேட்டது.

"நுரைக்கி!" என்று முதலில் கத்தியது அத்தைதான்.

அம்மா கண்ணைத் திறந்தாள். நுரையைப் பார்த்தாள். "அப்பா" என்றாள். அவள் கூப்பிட்டது எங்கள் யாரையும் இல்லை. அவளுக்கு விக்கியது, கண்ணில் நீர் கொட்டியது. அந்தப் பதற்றத்தில் மேஜையிலிருந்த ஒரு டம்ளரை எடுத்து மடமடவென்று குடித்துவிட்டு வைத்தாள்.

அப்பாவின் கையிலிருந்த இடுக்கி கீழே விழுந்தது.

"எந்த டம்ளர்? ஏளா, எந்த டம்ளரக் குடிச்ச?"

"தெரியலயே!"

"எரியுதா? வாய் எரியுதா? வயிறு எரியுதா?"

"நீங்க கத்துற கத்துக்கு எல்லாந்தான் எரியுது!"

அத்தை அம்மாவின் முதுகில் ஓங்கி அடித்தாள். எதற்கு என்று அவளுக்கே தெரியாது. நான் ஆம்புலன்ஸுக்கு போன் செய்ய நினைத்து, அவசரத்தில் மாமியாருக்கு அடித்துவிட்டேன். "என்னம்மா, முத்து கிடைச்சுதா?" என்று அவர் கேட்டது என் காதில் விழுந்தது. "பெறகு பேசுதேன் அத்த" என்று வைத்துவிட்டேன். அப்பா மீதமிருந்த டம்ளரை மூக்கருகே கொண்டு போய் மோந்து பார்த்தார். இருமினார். கண்ணில் நீர் வழிந்தது. மறுபடியும் மோந்தார். பிறகு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"ஆசிட் இதுதான். அவ குடிச்சது தண்ணி."

"ஆசிட்டக் குடிச்சிருந்தா இப்படியா நின்னு பதில் சொல்லிட்டிருப்பேன்?" என்றாள் அம்மா. எல்லோருக்கும் ஒரே நேரத்தில் சிரிப்பு வந்தது. அத்தை சிரித்ததில் பல் செட்டு நழுவியது.

சிரித்து முடித்த பிறகுதான் சாஸரின் நினைவு வந்தது. அதற்குள் நுரை அடங்கியிருந்தது. அப்பா முத்தை எடுத்துக் குழாயடியில் பிடித்துக் கழுவிக்கொண்டு வந்தார். பின்பக்கம் மட்டுமல்ல, பாதி முத்தைக் காணோம். மினுமினுப்பு போய், சுவரிலிருந்து உதிரும் சுண்ணாம்புபோல வெளுத்து, ஒரு பக்கம் பள்ளம் விழுந்திருந்தது. ரோஜா நிறம் இருந்த இடத்தில் ஒன்றும் இல்லை.

அப்பா அதை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு நின்றார். "சாம்பிள்னு நெனச்சிட்டேன்" என்றார். எனக்கு அவரை ஏசவும் தோன்றவில்லை, தேற்றவும் தெரியவில்லை. அம்மா இடிந்து போவாள் என்று பயந்துகொண்டே திரும்பிப் பார்த்தேன்.

அம்மா அதை வாங்கிப் புடவைத் தலைப்பில் துடைத்தாள். "கெட்டா கெட்டுட்டுப் போகுது" என்றாள். "எங்கப்பா குடுத்தது முத்து." முகத்தில் அப்படி ஒரு நிம்மதியை நான் என் நிச்சயதார்த்தத்தன்றுகூடப் பார்க்கவில்லை.

அத்தை அவ்வளவு லேசில் தோற்கிறவள் இல்லை. பல் செட்டைச் சரிசெய்துகொண்டு, மேஜையில் பளபளவென்று கிடந்த பெரிய முத்தைச் சுட்டிக்காட்டினாள். "ஒண்ணு முத்துன்னு தெரிஞ்சு போச்சு. ஒத்துக்கிடுதேன். இன்னொண்ண யாரு கண்டா?"

அப்பாவின் கை தன்னையறியாமல் சொட்டுக்குழாயை நோக்கிப் போனது. அம்மா அந்தக் கையில் பளாரென்று ஓர் அடி கொடுத்தாள்.

இனி இதைக் கம்மலாகப் போட முடியாது. மறுநாள் அம்மாவும் நானும் நகை செய்கிற பத்தரிடம் போனோம். அவர் கெட்டுப்போன முத்தைப் பார்த்துவிட்டு எங்களை நிமிர்ந்து பார்த்தார். "எந்தப் படுபாவி இப்படிச் செஞ்சான்?" என்று கேட்டார். நாங்கள் இருவரும் அவருடைய தராசைப் பார்த்தோம். இரண்டு முத்தையும் தனித்தனிப் பென்டன்டாக மாற்றித் தரச் சொன்னோம். பெரியதை ஒரு மெல்லிய செயினில் கோத்து எனக்கு. நான் கேட்ட அதே மெல்லிசான ஒரு செயின். கெட்டுப்போனதை என்ன செய்வது என்று நான் கேட்பதற்கு முன் அம்மா தன் தாலிச் செயினைத் தூக்கிக் காட்டினாள். "இதுல மாட்ட ஒரு வளையம் வச்சுக் குடுங்க" என்றாள்.

ஆக, எங்கள் வீட்டில் சந்தேக முத்து என் கழுத்துக்கு வந்தது. நிச்சய முத்து அம்மாவின் கழுத்துக்குப் போனது. இந்தப் பெயர்களை வைத்தது அப்பா. நாலு நாள் வாயே திறக்காமல் இருந்தவர் கேலி பேச ஆரம்பித்த பிறகுதான் எங்களுக்கு நிம்மதியாயிற்று.

கல்யாணத்தன்று காலை கவுனைப் போட்டு, நெட்டைத் தலையில் வைத்து, முத்துச் செயினை மாட்டிக் கண்ணாடியில் பார்த்தேன். அந்த ஒற்றை முத்து கழுத்துக்குக் கீழே, அம்மா காலி என்று சொன்ன அத்தனை இடத்துக்கும் நடுவில், தனியாக உட்கார்ந்திருந்தது. எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. அம்மா சொன்ன சொல்லைக் காப்பாற்றினாள். ஒட்டியாணம், ஆரம் என்று பேச்சே எடுக்கவில்லை. காரில் ஏறுவதற்கு ஒரு நிமிஷம் முன்னால் மட்டும் என் இரண்டு கைகளையும் பிடித்து, முழுக்கை கவுனுக்குள் கைக்கு ஆறு தங்க வளையல்களைத் திணித்துவிட்டாள். "வெளிய தெரியாதுல்லா, உள்ள கெடந்துட்டுப் போகட்டும்" என்றாள். கடைசியில் நான் நடக்கும்போது கொயரோடு சேர்ந்து என் கையும் வாசித்தது.

சர்ச் வாசலில் கார் நின்றது. அப்பா ஒரு பக்கம், அம்மா ஒரு பக்கம் நின்றார்கள். கவுனின் வால் மண்ணில் படாமல் அத்தை பின்னால் தூக்கிப் பிடித்திருந்தாள். பெண்ணைப் பார்க்க மாமியார் ஓடி வந்தார். என் கழுத்தைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்தது. "பார்த்தீங்களா, நான் சொன்னேன்ல! வீட்டுக்கு வீடு இருக்கும்னு!" என்று தன் தங்கையிடம் பெருமையாகச் சொன்னார். பிறகு அம்மாவிடம் திரும்பினார். தாலிச் செயினில் தொங்கிக்கொண்டிருந்ததைப் பார்த்தார்.

"இது என்னங்க சம்பந்தி, சுண்ணாம்புக்கட்டி மாதிரி? வேண்டுதலா?"

அம்மா வாயைத் திறந்தாள். முப்பது வருஷமாக இந்தக் கேள்விக்குத்தான் பயந்து கொண்டிருந்தாள். இப்போது பதில் கையிலேயே இருந்தது, ஆனாலும் கை மட்டும் போய் அந்த முத்தை மூடிக்கொண்டது.

பின்னாலிருந்து அத்தையின் குரல் வந்தது. பள்ளிக்கூடத்தில் காலை அசெம்பிளிக்குப் பேசுகிற குரல். வாசலில் நின்ற அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"அது முத்து. இவ அப்பா எடுத்தது, பீப்பாயில போட்டு அழுக விட்டு, நாத்தத்தத் தாங்கி எடுத்தது. என் கண்ணு முன்னால நுரைச்சிது. முப்பது வருசமா நாந்தான் பாசி பாசின்னு சொல்லிட்டுத் திரிஞ்சேன்."

மாமியாருக்கு ஒன்றும் விளங்கவில்லை. "ஓ, அப்படியா" என்று சிரித்து வைத்தார். உள்ளே ஆர்கன் வாசிக்க ஆரம்பித்தது. அப்பா எனக்கு முழங்கையை நீட்டினார். அம்மா என் கவுனின் வாலைச் சரிசெய்யக் குனிந்தாள். வால் சரியாகத்தான் இருந்தது. அதன் ஒரு முனையை அத்தை பிடித்திருந்தாள், மறு முனையை அம்மா பிடித்துக்கொண்டாள். ஆர்கன் முதல் வரியை இரண்டாவது முறை வாசித்து முடிக்கும்வரை அவள் நிமிரவில்லை. அத்தையும் அவளை அவசரப்படுத்தவில்லை.